மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது

நாளைக் காலை ஆறரை மணிக்கு யூனிட் கிளம்ப வேண்டும். இன்று இரவு பத்தே முக்காலுக்கு, நாளைய வேலைப் பட்டியலைச் சரிபார்க்க என் உதவி இயக்குநர் வீட்டுக்கு வந்தான். நாக்பூர்ப் பையன், வயது 24. உலக சினிமா அத்தனையையும் கரைத்துக் குடித்தவன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நான் 1970களின் இந்திப் படம் ஒன்றிலிருந்து ஒரு காபரே பாடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை. சத்தமாக வைத்து, காலால் தாளம் போட்டபடி.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கோயில் குருக்களைச் சீட்டாட்டக் கிளப்பில் பார்த்துவிட்டவன் முகம்.

"மேடம், நீங்க இதெல்லாம்கூட பார்ப்பீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. டீ போட எழுந்து போனேன். பட்டியலைச் சரிபார்த்தோம், அவன் போய்விட்டான். கேள்வி மட்டும் போகவில்லை. ஷூட்டிங்குக்கு முதல் நாள் இரவு எனக்கு எப்போதுமே தூக்கம் வராது. இந்த வாரப் பத்தியை அவனுக்கான பதிலாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வளர்ந்தது மாட்டுங்காவில். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் கட்டடத்தில் அத்தனை வீட்டு ரேடியோவும் ஒரே குரலில் பேசும். இலங்கை வானொலியில் 1952-ல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா. அமீன் சயானி அந்த வாரத்து முதலிடப் பாடலை அறிவிக்கும்வரை அம்மா அடுப்படிக்குப் போகமாட்டாள். இந்தி சரியாகத் தெரியாத அம்மா, எந்தப் பாட்டு எத்தனை படி ஏறியது, எது சறுக்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தமிழ்ப் படத்துக்குக் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர். இந்திப் படத்துக்கு அப்பா தாராளமாக மனது வைத்தால் லாமிங்டன் ரோடு மினர்வா.

அந்த மினர்வாவில்தான் 'ஷோலே' பார்த்தேன். 1975, ஆகஸ்ட் 15-ல் வெளியான படம். முதலில் ஓடாது என்றார்கள். பிறகு அதே தியேட்டரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதன் வசனங்கள் தனி இசைத்தட்டாக வந்து, கணபதி பந்தல் தொடங்கி இரானி ஹோட்டல்வரை பாட்டுக்குப் பதில் வசனம் ஒலித்தது. அந்த வசனங்களை மூச்சுவிடும் இடம் உட்பட ஒப்பிக்கும் பத்து வயதுப் பெண்கள் அன்றைய பம்பாயில் ஆயிரம் பேராவது இருந்திருப்போம். நான் அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தேன்.

பிறகு சினிமா படிக்கப் போனேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பிடித்த படம் கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் இத்தாலி, ஸ்வீடன், ஜப்பான் என்று சுற்றி வந்தார்கள். என் முறை வந்ததும் 'ஷோலே' என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். கேலிகூட இல்லை, பரிதாபப்பட்ட சிரிப்பு. அதன் பிறகு பல ஆண்டுகள் யார் கேட்டாலும் ஓர் ஐரோப்பியப் படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல படம்தான். ஆனால் அந்தப் பதில் பொய்.

அந்தப் பொய்க்கு நான் கொடுத்த விலையைச் சொல்வதற்குமுன், ஷூட்டிங்குக்குத் தயாராவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஷூட்டிங் என்றால் காமிரா, விளக்கு, 'ஆக்ஷன்' என்ற கூச்சல். உண்மையில் முக்கால்வாசி வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். லொகேஷன் பார்க்கப் போகும்போது, ஷூட்டிங் எந்த மணிக்கோ அதே மணிக்குப் போக வேண்டும். காலை வெயிலில் பார்த்து மயங்கிய ஜன்னல், மாலையில் வெறும் இருட்டுச் சதுரமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குக்கர் எப்போது விசில் அடிக்கிறது, பள்ளிக்கூட மணி எப்போது, லோக்கல் ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று - இதெல்லாம் காதுக்குத்தான் தெரியும். வீட்டு மின் இணைப்பு நம் விளக்குகளைத் தாங்குமா, யூனிட்டில் உள்ள பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, மழை வந்தால் உள்ளே எடுக்க எந்தக் காட்சி கைவசம் இருக்கிறது, வீட்டுக்காரருக்கு மத்தியானம் தூங்கும் வழக்கம் உண்டா. இதில் ஒன்றை விட்டால் மறுநாள் ஒரு மணி நேரம் போகும்.

இந்த விஷயத்தில் எல்லோரும் கைகாட்டும் ஆசான் சத்யஜித் ராய். கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை நோட்டுகளில் அவர் தன் படங்களைத் திட்டமிட்டார். உடை, நகை, மேடை அமைப்பு, காமிராக் கோணம், இசைக் குறிப்பு எல்லாம் ஒரே நோட்டில், அவர் கைப்படப் படங்களாக. 'பதேர் பாஞ்சாலி'க்கு வழக்கமான முழுத் திரைக்கதைகூட இருக்கவில்லை. வரிசையாக வரைந்த சின்னச் சின்னப் படங்களே திரைக்கதை.

அப்படிப்பட்டவரின் முதல் ஷூட்டிங் எப்படிப் போனது? 1952, அக்டோபர் 27. வெள்ளை வெளேரென்று நாணற்பூ பூத்த வெளியில் அப்புவும் துர்காவும் ரயில் பார்க்கும் காட்சி. அன்று பாதி எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கப் போனால் வெளியில் பூ இல்லை. இடையில் வந்த மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூப்பதற்காக அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எந்த நோட்டிலும் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கவில்லை. அதே படத்தில் மிட்டாய்க்காரராக நடித்தவர் பாதியில் இறந்துபோனார். உருவத்தில் ஏறக்குறைய ஒத்த ஒருவரைப் பிடித்து, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாக எடுத்துச் சமாளித்தார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு "அப்படியானால் திட்டமே வேண்டாம்" என்று சில இளைஞர்கள் முடிவுக்கு வருகிறார்கள். நேர்மாறான முடிவுக்குத்தான் வர வேண்டும். தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான், பூ இல்லாத வெளியில் எடுக்கக் கூடாது என்றும், முகமில்லாத முதுகு போதும் என்றும் அவரால் முடிவெடுக்க முடிந்தது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதற்குப் பெயர்தான் தயாரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராயை வைத்து வெகுஜன ரசனையை அடிப்பவர்கள் ராயைச் சரியாகப் படித்தவர்கள் அல்ல. பிள்ளைகளுக்காகத் துப்பறியும் ஃபெலூதா கதைகளை எழுதியவர் அவர். 1966-ல் 'நாயக்' எடுத்தபோது வங்காளத்தின் பெரிய நட்சத்திரமான உத்தம் குமாரையே நட்சத்திர வேடத்தில் போட்டார். 1969-ல் 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் பேய்களை ஆட விட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த தகவல்: 1977-ல் 'ஷத்ரஞ்ச் கே கிலாரி'யில் அவத் நவாப் வாஜித் அலி ஷாவாக அவர் தேர்ந்தெடுத்தவர் அம்ஜத் கான். இரண்டே வருடங்களுக்கு முன் நாடு முழுக்கக் குழந்தைகளைப் பயமுறுத்திய கப்பர் சிங். கதை சொல்லும் குரல் அமிதாப் பச்சனுடையது. வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தபோது இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்கலாம்.

'ஷோலே'யையும் ஏதோ மசாலா அரைத்துக் கொட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தையே கட்டினார்கள். மாலையில் ஜெயா பாதுரி ஒவ்வொரு விளக்காக ஏற்றி அணைக்க, எதிரே அமிதாப் மவுத் ஆர்கன் வாசிக்கும் காட்சி நினைவிருக்கிறதா? சூரியன் மறைந்தபின் இருட்டுவதற்குமுன் கிடைக்கும் சில நிமிட வெளிச்சத்தில் மட்டும்தான் எடுப்பேன் என்று ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா பிடிவாதமாக நின்றார். அந்தச் சிறு காட்சிக்குப் பல நாட்கள் பிடித்தன. விசிலடித்தபடி படம் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. ஆனால் அந்தக் காட்சி வந்ததும் மினர்வாவில் விசில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

இனி என் விலைக்கு வருகிறேன்.

1998-ல் மும்பையில் சினிமா பேனர் வரையும் ஓவியர் ஒருவரைப் பற்றி அரைமணி நேர ஆவணப் படம் எடுக்கக் கொஞ்சம் பணம் கிடைத்தது. கணினியில் அச்சடித்த ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். எம்.எஃப்.ஹுசேன் இந்த ஊரில் பேனர் வரைந்துதான் பிழைக்கத் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஓவியர் ஹுசேன் ஆகாமல் பேனரிலேயே நாற்பது வருடம் நின்றவர். ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் இழுத்து, இருபதடி முகத்தை ஏணியில் நின்றபடி வரைபவர். முகத்துக்கு அத்தனை அருகில் நிற்பவருக்கு மூக்கு மட்டும்தான் தெரியும். மீதி மனதில் இருக்க வேண்டும்.

என்னிடம் 16 எம்.எம். பிலிம் பன்னிரண்டு ரோல். ஒரு ரோல் பதினோரு நிமிடம். கணக்காகச் செலவழிக்க வேண்டும் என்று 42 கேள்விகள் தயாரித்தேன். எந்தக் கேள்விக்கு எந்த லென்ஸ் என்பதுவரை எழுதினேன். அவர் என்னை "பேட்டி" என்று அழைத்தார். இந்தியில் மகள். நான் எடுக்கப் போனதும் பேட்டிதான். இரண்டுக்கும் உள்ள தூரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள், காமிரா வைப்பதற்குமுன் அவர் கேட்டார்: "உனக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது, பேட்டி?"

நான் பழக்கதோஷத்தில் அந்த ஐரோப்பியப் படத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு 42 கேள்விகளுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். ஆமாம். இல்லை. அப்படித்தான். அந்தக் காலத்தில் நன்றாக இருந்தது. இரண்டு நாள், எட்டு ரோல்.

மூன்றாம் நாள் டீ இடைவேளை. காமிரா பெட்டிக்குள் இருந்தது. பக்கத்துக் கடை ரேடியோவில் 'ஷோலே'யில் ஹெலன் ஆடும் பாட்டு வந்தது. ஆர்.டி.பர்மன் தானே பாடிய பாட்டு. என்னை அறியாமல் என் கால் தாளம் போட்டது. அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். எழுந்து போய் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் வரைய ஆரம்பித்தார். கட்டம் இல்லை, ஸ்டில் இல்லை. முதலில் ஒரு புருவம். அதிலிருந்து கண். கப்பர் சிங்கை வரையும்போது தாடியை நம்பக் கூடாது, தாடி எல்லா வில்லனுக்கும் இருக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் சோம்பேறித்தனத்தைப் பிடிக்க வேண்டும் என்றார். எந்த நட்சத்திரத்தின் முகத்தில் சிவப்பு கூட்டினால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், எந்தக் கதாநாயகியின் மூக்கைக் குறைக்கச் சொல்லி ஆள் வரும் என்று பேசிக்கொண்டே போனார். பாட்டு முடிந்தது. அவரும் கரித்துண்டைக் கீழே போட்டார்.

நான் செய்த அடுத்த தப்பு, "இதையே இன்னொரு தடவை செய்ய முடியுமா?" என்று கேட்டது. பாவம், செய்தார். விளக்கு வைத்து, ஃபோகஸ் பார்த்து, கிளாப் அடித்து எடுத்தோம். அதே புருவம், அதே கண், அதே வார்த்தைகள். ஆனால் இப்போது அவர் நடித்துக்கொண்டிருந்தார். படத்தில் இருப்பது அதுதான். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்க முடிவதில்லை. எட்டு மாதம் கழித்து இன்னும் இரண்டு ரோல் வாங்கிக்கொண்டு போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. கண் மங்கிவிட்டது, ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 42 கேள்விகளில் நானும் அதைக் கேட்டிருக்கவில்லை.

காமிரா பெட்டியில் இருந்தது துரதிருஷ்டம். அதை மன்னித்துக்கொள்ளலாம். முதல் நாள் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கரித்துண்டு முதல் நாளே சுவருக்கு வந்திருக்கும். நான் ஒன்பது தடவை பார்த்த படம்தான் அந்த மனிதரைப் பேச வைக்க என்னிடம் இருந்த ஒரே தயாரிப்பு. அதை நான் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

இன்றைய பையன்களுக்கு ரோல் கவலை இல்லை. டிஜிட்டல் கார்டில் நாள் முழுக்க எடுக்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் காமிரா ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற தைரியத்தில் எதிரே இருப்பவரைக் கவனிப்பது குறைந்துவிட்டது. எதிரே இருப்பவர் தன்னை ஒளித்துக்கொள்ள முடிவு செய்துவிட்டால் பதினோரு நிமிடமும் பதினோரு மணி நேரமும் ஒன்றுதான்.

வெகுஜன சினிமாவை ரசிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. நான் இன்றிரவு ஏழு முறை பார்த்த அந்தக் காபரே பாடலில் காமிரா போகிற இடமெல்லாம் சரியில்லை. பெண்ணை ஜிகினாத் தாளாக ஒட்டி வைத்த பாட்டு அது. எனக்குக் கோபமும் வருகிறது, காலும் தாளம் போடுகிறது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்தால் மற்றதும் பொய்யாகிவிடும்.

நாளை நாங்கள் எடுக்கப் போவது அந்தப் பாடலில் ஆடிய ஓர் அம்மாளை. கதாநாயகி அல்ல. பின்னால் ஆடும் கூட்டத்தில் ஒருவர். இப்போது 74 வயது. கோரேகாவில் ரயில் பாதைக்கு அருகே ஒரு சாலில் முதல் மாடி அறை. முழங்கால் வலி, அதனால் ஒரு நாள்தான் தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனையோ படங்களில் ஆடியவர். டைட்டிலில் ஒரு படத்திலும் பெயர் வந்ததில்லை என்கிறார்.

போன வாரம் காலை ஏழு மணிக்கு அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் வெயில் எட்டு இருபதுக்குக் கட்டிலைத் தொடுகிறது. ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர். ரயில் சத்தத்தைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கப் போவதில்லை. ஐம்பது வருடம் அவரை ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் கொண்டு போன ரயில், அது படத்தில் இருக்கட்டும். நோட்டில் ஏழு கேள்விகள் எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். காமிரா வாசற்படி ஏறும்போதே ஓடிக்கொண்டிருக்கும், டீ வந்தாலும் நிற்காது.

பிறகு இந்தப் பாட்டு. எங்கே நிற்கிறார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து முறை பார்த்தும் பிடிபடவில்லை. ஆறாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டு, கதாநாயகியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அகப்பட்டார். முகம் ஒரு தடவைகூட ஃபோகஸில் இல்லை. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் இடப்பக்கம் திரும்பும்போது இவர் மட்டும் அரைத் தாளம் முந்தித் திரும்புகிறார், அடுத்தது என்ன என்று உடம்புக்குத் தெரிந்தவர் போல. ஏழாவது முறை அதை உறுதி செய்துகொண்டிருந்தபோதுதான் பையன் வந்து நின்றான்.

சற்றுமுன் அந்த அம்மாளே போன் செய்தார். எந்தக் கலர் புடவை கட்டட்டும், எத்தனை பேருக்குச் சமைக்கட்டும் என்று இரண்டு கேள்வி. உங்களுக்குப் பிடித்த கலர், சாப்பாடு நாங்கள் கொண்டு வருகிறோம் என்றேன். வைப்பதற்குமுன் ஒன்று கேட்டார்: "அந்தக் காலத்துப் படமெல்லாம் நீ பார்த்திருக்கியாம்மா?"

"ஷோலே ஒன்பது தடவை" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு" என்றார்.

மணி ஒன்றாகிறது. உதவி இயக்குநருக்கு அந்தப் பாட்டை அனுப்பியிருக்கிறேன். காலையில் வண்டியில் ஏறுவதற்குமுன் மூன்று தடவையாவது பார்த்துவிட்டு வா, மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது என்று எழுதியிருக்கிறேன்.